உங்களுக்கு மட்டும்

கண்ணை மூடிக்கிட்டு உக்காருங்கய்யா, திறக்கக் கூடாது, எரிஞ்சாலும் கசக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிட்டாள். பக்கிரிசாமி கண்ணை மூடிக்கொண்டார். இமைக்குள் மருந்து முதலில் குளிர்ந்தது, பிறகு காந்தியது. மூடியதும் இருட்டு வரவில்லை, அந்த வரிதான் வந்தது. மேடம், இது உங்களுக்கு மட்டும். எவ்வளவு மரியாதையான வரி, பக்கத்தில் வந்து காதோடு சொல்கிற மாதிரி. அப்படித் தொடங்கிய மெயில் மேடத்துக்கு மட்டும் போகவில்லை, குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் போய்விட்டது. நர்ஸ் வாசலில் நின்று பக்கிரிசாமி, யாருங்க பக்கிரிசாமி என்று கூப்பிட, நான்தான் என்று வாயால் சொல்வதற்குப் பதிலாகக் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கிற அவசரத்தில், இன்னொரு கையின் கட்டைவிரல் அனுப்பு என்பதை அழுத்திவிட்டது. நாற்காலியில் வந்து உட்கார்வதற்குள் போன் உள்ளங்கையில் அதிர்ந்தது. பார்த்தால் அவருடைய மெயிலே அவருக்குத் திரும்பி வந்திருக்கிறது, தலைப்புக்கு முன்னால் சதுர அடைப்புக்குறிக்குள் திக்கல் என்று குழுவின் பேரோடு. குழு வழியாகப் போகிற மெயிலுக்குத்தான் அந்த அடைப்புக்குறி வரும். அது அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. இன்னும் ஒரு தடவை படித்துப் பார்ப்பதற்குள் நர்ஸ் தாடையைப் பிடித்து நிமிர்த்தி மருந்தை விட்டுவிட்டாள். நல்லதுதான், பார்க்க முடியாமல் போனது நல்லதுதான் என்று ஒரு நொடி தோன்றியது. தனக்குப் பார்க்க முடியாவிட்டால் மற்றவர்களுக்கும் தெரியாது என்கிற மாதிரி.

திக்கல் என்பது திக்கிப் பேசுகிறவர்களுக்காக மதுரையில் கிருபாவதி மேடம் நடத்துகிற மெயில் குழு. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற வேலையில் இருந்தவர், ஓய்வுக்குப் பிறகு இதை ஆரம்பித்தார். ஒரே ஒரு முகவரி, அதற்கு யார் எழுதினாலும் சேர்ந்திருக்கிற எல்லாருக்கும் போகும், யார் பதில் போட்டாலும் அதுவும் எல்லாருக்கும் போகும். பொதுப்பணித் துறையில் வரைபடம் போடுகிற வேலையிலிருந்து பக்கிரிசாமி ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த புதிதில் அதில் சேர்ந்தார். சேர்வதற்கு உள்ளே ஒன்றும் எழுதாத வெறும் மெயில் ஒன்றை அனுப்ப வேண்டும். அனுப்பினார். கேட்டது நீங்கள்தானா, ஆமாம் என்றால் இதற்குப் பதில் போடுங்கள் என்று வந்தது. போட்டார். உள்ளே வந்துவிட்டீர்கள் என்று வந்தது. அவ்வளவுதான். பேர் என்ன என்று கேட்டுவிட்டு, அவர் உதட்டை ஒட்டிக்கொண்டு கழுத்து நரம்பு புடைக்க நிற்பதை யாரும் பார்த்துக்கொண்டிருக்காமல் அவர் ஓர் இடத்துக்குள் நுழைந்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. பிள்ளைக்குப் பேர் வைக்கிறபோது பானாவில் வைக்காதே என்று யாராவது அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். பானாவும் அதற்குப் பின்னால் இரண்டு கானாவும். பள்ளிக்கூடத்தில், ஆபீசில், ரேஷன் கடையில், இதே ஆஸ்பத்திரியில் இன்று காலை சீட்டு பதிகிற இடத்தில், எல்லா இடத்திலும் அந்தப் பானா ஒரு பூட்டிய கதவு. குழுவில் கதவே கிடையாது. அங்கே அவர் தங்குதடை இல்லாதவர், சொல்லப்போனால் கொஞ்சம் வாயாடி. புதிதாக வருகிறவர்களுக்கு வழி சொல்கிறவர் அவர்தான். எப்படிச் சேர்வது, ஊருக்குப் போகும்போது மெயில் வராமல் எப்படி நிறுத்திவைப்பது, ஒவ்வொன்றாக வராமல் ஒரு நாள் மெயில் எல்லாம் சாயங்காலம் ஒரே தொகுப்பாக வருகிற மாதிரி எப்படி மாற்றிக்கொள்வது, விலக வேண்டுமானால் எந்த முகவரிக்கு எழுத வேண்டும். என்னை நீக்குங்கள் என்று குழு முழுவதற்கும் எழுதிவிடுகிற அப்பாவிகளுக்கு அவர் போடுகிற பதிலில் ஒரு சிரிப்பு இருக்கும். அன்பரே, அனுப்பு என்பதை அழுத்துவதற்கு முன்னால் யாருக்குப் போகிறது என்று ஒருமுறை பாருங்கள், இங்கே பதில் என்றால் எல்லாருக்கும் பதில். அந்த அன்பரே இப்போது நெஞ்சுக்குழியில் வந்து குத்தியது. அந்த அன்பர்கள் எல்லாரும் இப்போது அவரவர் வீட்டில், பஸ்சில், ஆபீசில் இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள். சிலர் சிரிப்பார்கள். சிரித்தால்கூடப் பரவாயில்லை. சிரிக்காமல் மெயிலை மூடி வைப்பார்களே, அவர்களை நினைத்தால்தான் கூசியது.

ஐயா, கண்ணைத் திறக்காதீங்கன்னு சொன்னேன்ல என்று நர்ஸின் குரல். திறந்துவிட்டோமா? எதிரே வெளிச்சம் மட்டும் பாலாய்ப் பரவி நின்றது. மூடினார். அப்படி என்ன எழுதிவிட்டோம், ஒழுங்காக யோசிப்போம், ஒருவேளை அவ்வளவு மோசம் இல்லாமல் இருக்கலாம். மாதம் ஒருமுறை எல்லாரும் போனில் கூடிப் பேசினால் என்ன, எழுதிக்கொண்டே இருந்தால் வாய் எப்போது திறக்கும் என்று புதுக்கோட்டை லூர்துசாமி ஒரு யோசனை எழுதியிருந்தார். மேடம் அதைக் குழுவில் வைத்து உங்கள் கருத்து என்ன என்று கேட்டிருந்தார். அதற்குத்தான் இவர் பதில் எழுதினார். வழக்கமாக மேடத்தின் சொந்த முகவரியைப் போட்டுத் தனியாக எழுதுவார், இன்றைக்கு அந்த மெயிலுக்கே பதில் என்று அழுத்தி எழுத ஆரம்பித்தார், முடித்த பிறகு முகவரியை மாற்றிக்கொள்ளலாம் என்று. மாற்றவில்லை. மேடம், இது உங்களுக்கு மட்டும். நான் லூர்துசாமியோடு போனில் ஒருமுறை பேசியிருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் உலையில் போட்ட அரிசி சோறாகிவிடும். என்னால் கேட்டுக்கொண்டு இருக்க முடியாமல் போனை மேஜைமேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். இவரை வைத்துக்கொண்டு பேச்சுக் கூட்டம் நடத்தினால் ஆள் ஒருத்தர் மிஞ்ச மாட்டார். இப்படிக்கு. ஒவ்வொரு வரியும் இமையின் உள்பக்கத்தில் நல்ல அச்சாக, அவர் கைப்பட வரைபடத்துக்கு அடியில் எழுதுவாரே அந்த மாதிரித் திருத்தமாக நின்றது. உலையில் போட்ட அரிசி. அந்த வரியில்தான் மனசு போய் மாட்டியது. அவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது. அரிசி வேக எவ்வளவு நேரம் ஆகும் என்றுகூடத் தெரியாது. இந்த வரி எங்கிருந்து வந்தது? அவர் எழுதுகிற நடையே இல்லை அது. யாரோ வாயில் வைத்திருந்ததை எடுத்துக்கொண்ட மாதிரி.

லூர்துசாமி அன்று கூப்பிட்டது எதற்கு? அதுவும் குழு விஷயம்தான். புதுக்கோட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். படம் எடுக்கும்போது சிரிங்க என்று சொல்ல வராது, அதனால் இரண்டு விரலால் தன் வாயின் இரண்டு ஓரத்தையும் இழுத்துக் காட்டுவாராம், அதைப் பார்த்தே எல்லாரும் சிரித்துவிடுவார்களாம், என் ஸ்டுடியோவில் எடுத்த படத்தில்தான் ஊரில் எல்லாரும் நிஜமாகச் சிரிக்கிறார்கள் என்று ஒருமுறை எழுதியிருந்தார். அதைப் படித்து இவரும் தனியாக உட்கார்ந்து சிரித்தார். நல்ல மனுஷன். படம் எடுக்கும்போது மெயில் வந்து வந்து போன் அதிர்கிறது, தொகுப்பாக மாற்றப் பார்த்தேன், வரவில்லை, நீங்கள் சொல்லிக்கொடுங்கள் என்று எழுதிவிட்டு அவரே கூப்பிட்டார். எடுத்ததும் மௌனம். பிறகு ஒரு ல். அந்த ல் நாக்கு நுனியில் ஒட்டிக்கொண்டு சுழல்கிறது, மூச்சு வாங்குகிறது, திரும்ப ல். லூர்துசாமிதானே, சொல்லுங்க என்று இவரே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வார்த்தையையும் இவரே முடித்தார். தொகுப்பா, மாத்தணுமா, செட்டிங்கா. திக்குகிறவன் வார்த்தையைப் பிடுங்கி முடிக்கக் கூடாது, அதைவிடப் பெரிய அவமானம் இல்லை என்று குழுவில் எல்லாருக்கும் எழுதியவர் இவர்தான். ஆனால் காதில் அந்தச் சத்தம் விழ விழ, அது லூர்துசாமியின் சத்தமாக இல்லை. தன் சத்தத்தை வெளியிலிருந்து கேட்கிற மாதிரி இருந்தது. இப்படித்தான் இருக்குமா, இத்தனை வருஷமும் எதிரே நின்றவர்களுக்கு இப்படித்தான் கேட்டதா? போனை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னல் திரையைச் சரிசெய்தார். அணில் ஒன்று மதில்மேல் ஓடியது, அதைப் பார்த்தார். மேஜையில் போனுக்குள் ஒரு மனுஷன் தனியாகத் தவித்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்து எடுத்தபோது லூர்துசாமி அதே வார்த்தையில்தான் இருந்தார்.

தொகுப்பு. சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். லூர்துசாமிக்கு அன்றைக்குத் தொகுப்பாக மாற்றிக் கொடுத்தாயிற்று. மற்றவர்களுக்கு மெயில் உடனே போயிருக்கும், லூர்துசாமிக்கு மட்டும் சாயங்காலம்தான் போகும். அதற்குள் மேடம் நினைத்தால் அந்த மெயிலைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடலாம், நிர்வாகிக்கு அந்த வசதி உண்டு. மேடத்துக்கு எழுதலாம். எப்படி எழுதுவது? கண்ணைத் திறந்து போனைப் பார்த்தார். வெள்ளைக் கலங்கலில் கறுப்பாக எறும்பு மொய்த்த மாதிரி ஏதோ இருந்தது, கிட்டே கொண்டுவந்தால் இன்னும் கரைந்தது. மருந்து வேலை செய்துவிட்டது, படிக்க இனி சாயங்காலம் ஆகும் என்று நர்ஸ் முன்னாலேயே சொல்லியிருந்தாள். எழுத்து போய்விட்டது. இத்தனை வருஷமாக ஒளிந்துகொண்டிருந்த ஒரே மறைப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது வாய் ஒன்றுதான். பேசினால் போனே நம்பரைத் தேடிக் கூப்பிடும் என்று பேரன் ஒருமுறை காட்டியிருந்தான். ஓரத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தார், டிங் என்றது. கி, என்று ஆரம்பித்தார். கி, கி. காற்று தொண்டையில் நின்றுவிட்டது. மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை என்று போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னது. பக்கத்து நாற்காலியில் யாரோ அசைந்தார்கள். திரும்ப அழுத்தினார். கிரு வரைக்கும் வந்தார். மன்னிக்கவும். எதிர் வரிசையில் ஒரு குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது, அதன் அம்மா அதட்டினாள். அதட்டியதுதான் சுட்டது. போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

பட்டுக்கோட்டை போக வேண்டிய நாளில் டிக்கெட் கொடுக்கிறவரிடம் பானா வராமல் தஞ்சாவூர் என்று சொல்லி வாங்கிக்கொண்டு, தஞ்சாவூரில் இறங்கி, அங்கே பெயர் எழுதிய பஸ்சைப் பார்த்து ஏறி, உள்ளே கண்டக்டரிடம் கடைசி ஸ்டாப் என்று சொன்னது ஞாபகம் வந்தது. கடைசி ஸ்டாப் சுலபமாக வரும். பொங்கல் சாப்பிட ஆசைப்பட்டு எத்தனை ஓட்டலில் தோசை சாப்பிட்டிருப்பார். வராத வார்த்தையைச் சுற்றிக்கொண்டு போவது ஒரு கலை, அதில் அவர் தேர்ந்தவர், ஆனால் ஒருவர் பேரைச் சுற்றிக்கொண்டு எப்படிப் போவது? போன் பேசுவது எல்லாம் தையல்தான். அவர் மனைவி தையல்நாயகி. கேஸ் சிலிண்டர், பையன் காலேஜ், அவருடைய ஆபீஸுக்கு லீவு சொல்வது, எல்லாவற்றுக்கும் அவளிடம் போனைக் கொடுத்துவிட்டு எதிரே நின்று சைகை காட்டுவார். இன்றைக்கும் அவள்தான் சீட்டுப் போட்ட இடத்தில் பேரைச் சொன்னாள். இப்போது பிள்ளையின் போனுக்கு ரீசார்ஜ் பண்ணிவிட்டுக் காபி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று போயிருக்கிறாள். அவள் வந்ததும் கொடுத்துவிடலாம், மேடத்துக்குப் போன் போடு, அந்த மெயிலை எடுத்துவிடச் சொல்லு என்று. ஆனால் எந்த மெயில் என்று அவள் கேட்பாள். என்ன எழுதினீங்க என்று கேட்பாள். அரிசி. அரிசி உலையில். வேறு எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம், பொய்யாவது தடையில்லாமல் வருமா? அதுவும் திக்கும்.

காபி வாசனையும் வெயில் பட்ட புடவையின் சூடும் ஒன்றாக வந்தன. "திறக்காதீங்க, இந்தாங்க, கையை நீட்டுங்க. சூடா இருக்கு, விளிம்பைப் பிடிங்க" என்றாள் தையல். அவர் வாங்கிக்கொள்ளாமல் போனை நீட்டினார்.

"மே... மேடம் நம்பர். எ... எடுத்துக் குடு."

"எந்த மேடம்? உங்க திக்கல் மேடமா? என்ன அவசரம், வீட்டுக்குப் போய் எழுதிக்கலாமே?"

"இல்ல. இப்பவே."

அவள் போனை வாங்கினாள். அவள் கண்ணாடிக் கூட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. கவிழ்த்து வைக்கும்போது அந்த மெயில் திறந்தே இருந்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கையை நீட்டினார், காற்றுதான் அகப்பட்டது. அவள் படிக்கும்போது உதடு அசையும், அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும், பேப்பர் படிக்கும்போது தினமும் கேட்கிற சத்தம். உதடு அசைந்து அசைந்து ஓர் இடத்தில் நின்றது. கூடத்தில் எங்கோ ஒரு மின்விசிறி கிரீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. சொல்லேன், ஏதாவது சொல்லேன், திட்டேன் என்று அவர் உள்ளே கெஞ்சினார். கண்ணை மூடியிருந்ததில் அவள் முகம் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. பார்க்காமல் இருப்பதில் இருந்த கொஞ்ச நஞ்ச வசதியும் இப்போது போய்விட்டது.

"இது எங்க அக்கா சொன்னதாச்சே" என்றாள், மிக மெதுவாக.

அவருக்குச் சட்டென்று எல்லாம் வந்துவிட்டது. வைத்தீஸ்வரன்கோயிலில் பெண் பார்க்கப் போன அவள் வீட்டுக் கூடம், ஜமக்காளம், கேசரித் தட்டு. பெரியவர் ஒருவர், மாப்பிள்ளை உங்க வாயாலேயே உங்க பேரைச் சொல்லுங்க கேட்போம் என்று விளையாட்டாகக் கேட்க, இவர் பானாவில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். கூடத்தில் எல்லாரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து கிசுகிசுப்பாக ஒரு பெண் குரல் தெளிவாக வந்தது. இவரு பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள உலையில போட்ட அரிசி சோறாயிடும்டி. எதையோ கீழே போடுகிற சத்தம். அப்புறம் சிரிப்பை அடக்குகிற மூச்சு.

"அன்னிக்கு அடுப்படியில எங்கிட்ட சொன்னா. உங்களுக்குக் கேட்டுச்சா?"

தலையை ஆட்டினார்.

"இத்தனை வருஷமா கேட்டும் கேட்காத மாதிரி இருந்தீங்களா? நான் உங்களுக்குக் கேட்கலைன்னே நெனச்சுக்கிட்டிருந்தேன். அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்குப் பக்குபக்குன்னு இருக்கும், வாய்தவறிச் சொல்லிடுவாளோன்னு." நிறுத்தினாள். "நான் அன்னிக்குச் சிரிக்கலை. அதையும் சொல்லிடறேன். சிரிச்சது அவதான்."

சிரித்தது யார் என்று இத்தனை வருஷமாக அவருக்குள்ளே ஒரு கேள்வி இருந்தது, அது இருந்ததே அவள் பதில் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஆனால் அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ள இப்போது அவருக்குக் கை கூசியது. முள்ளைப் பிடுங்கித் தூரப் போடாமல், பத்திரமாக வைத்திருந்து, நல்லதாகப் பார்த்து இன்னொருவன் காலடியில் போட்டிருக்கிறோம். அதுவும் யாருக்கு? வாயோரத்தை இழுத்துக் காட்டி ஊரைச் சிரிக்கவைக்கிறவனுக்கு.

"இந்த வார்த்தையைத் தூக்கி இன்னொருத்தர்மேல போட எப்படிங்க மனசு வந்துச்சு?" என்றாள் தையல். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவள் மாதிரி கேட்டாள். மேடத்துக்கு மட்டும்னு நெனச்சேன் என்று சொல்ல வாயெடுத்து, அது பதிலே இல்லை என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார். வழக்கமாக இந்த இடத்தில் குடுங்க நான் பேசறேன் என்பாள். இன்றைக்குச் சொல்லவில்லை. நம்பரை அழுத்தி, மணி போகிற போனை அவர் கையில் வைத்து விரலை மடக்கிவிட்டாள்.

ஹலோ என்றார் மேடம். பக்கிரிசாமி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கழுத்து இழுத்தது, தலை தன்னால் ஒரு பக்கம் வெட்டியது, கூடத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் இருப்பது பார்ப்பதைவிடக் கொடுமையாக இருந்தது. மேடம் ஹலோ ஹலோ என்று கத்தவில்லை, வைத்துவிடவும் இல்லை. காத்திருந்தார். ஒருவழியாகப் பானா உடைந்தது. "ப... பக்கிரி பேசறேன்."

"தெரியும் சார். மெதுவா. படிச்சுட்டேன்."

"அதை... தொ... தொகுப்புலேர்ந்து..."

வார்த்தை முடிகிற வரைக்கும் இருந்துவிட்டு மேடம் சொன்னார், "எடுத்துடறேன். சாயங்காலம் போகாது. ஆனா நேரா வாங்கறவங்க எல்லாரும் படிச்சிருப்பாங்க சார். ரெண்டு மூணு பேர் எனக்குக் கோபமா எழுதியாச்சு. யாராவது அவர்கிட்ட சொல்லத்தான் செய்வாங்க. அதுக்கு முன்னாடி நீங்களே கூப்பிடறது நல்லது. கூப்பிடறீங்களா?"

"கூ... கூப்பிடறேன்."

வைத்துவிட்டார். மேடம் எடுத்துவிடுவார், தொகுப்பில் போகாது. அந்த நிம்மதி வயிற்றில் வெதுவெதுப்பாக இறங்கியதும் அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. கூப்பிடலாம். கொஞ்சம் கழித்துக் கூப்பிடலாம். ஸ்டுடியோவில் ஆள் இருக்கும் நேரம். டாக்டர் பார்த்த பிறகு, வீட்டுக்குப் போன பிறகு, கண் தெரிந்த பிறகு. என்ன சொல்வது என்று எழுதி வைத்துக்கொண்டு பேசினால் நன்றாக இருக்கும். யாரும் சொல்லாமல்கூட இருந்துவிடலாம், மனுஷர்கள் நல்லவர்கள். காபியைக் கேட்டு வாங்கிக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. இரண்டாவது மிடறு உள்ளே போகும்போது கையில் போன் அதிர்ந்தது.

"யாருன்னு பாரு" என்றார். தடையே இல்லாமல் வந்தது.

தையல் குனிந்து பார்த்தாள். "புதுக்கோட்டை ஸ்டுடியோன்னு இருக்கு."

காதில் வைத்தார். மௌனம். பிறகு அந்த ல். பேரைச் சொல்லி முடித்துவிட நாக்கு துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். அந்த ல் சுழன்றது, நின்றது, பெருமூச்சு, திரும்பச் சுழன்றது. பின்னால் ஏதோ தெருவில் ஐஸ்காரனின் மணி. இவர் பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சத்தம் இப்போது தன்னுடையதாகக் கேட்கவில்லை. அதில் வேறு ஒரு மனுஷன் இருந்தான், அவனுக்கென்று ஒரு மூச்சு, ஒரு வயசு, வெற்றிலையோ எதுவோ போடுகிற வாய்.

சத்தம் பாதியில் நின்றது. "சார், இ... இருக்கீங்களா? கீழ வச்சுட்டீங்களா?"

போனை மேஜைமேல் வைத்தது தெரிந்துவிட்டது. யாரோ சொல்லியாகிவிட்டது. "இ... இல்ல. காதுலதான் இருக்கு" என்றார் பக்கிரிசாமி. அதற்கு மேல் மன்னிப்பு என்கிற வார்த்தையைத் தேடினார். மானாவில் உதடு ஒட்டிக்கொண்டது. ம், ம், என்று முனகல்தான் போயிற்று. லூர்துசாமி காத்திருந்தார். அவர் முடித்துவைக்கவில்லை. கடைசியில் அவர் சொன்னார், ஒவ்வொரு வார்த்தையாக, நடுவில் நீண்ட நீண்ட இடைவெளி விட்டு, "அது இருக்கட்டும் சார். நான் எதுக்குக் கூப்பிட்டேன்னா, குழுவுலேர்ந்து எப்படி வெ... வெளியே போறதுன்னு தெரியலை. நீங்கதானே எல்லாம் சொல்லிக்குடுத்தீங்க. அதையும் சொல்லிடுங்க."

எவ்வளவோ பேருக்குச் சொன்ன வழி. விரல் தானாகத் தட்டிவிடும், வாய் தட்டாது. வேண்டாம், போகாதீங்க என்று சொல்லலாம். ஆனால் எந்த முகத்தோடு சொல்வது? அந்த மனுஷன் கேட்டதைக் கொடுப்பது ஒன்றுதான் இப்போது செய்யக்கூடிய மரியாதை. சொன்னார். சேர்வதற்கு அனுப்பிய முகவரி இல்லை, இன்னொன்று, மெயிலுக்கு அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். அதற்கு ஒரு வெறும் மெயில். ஒன்றும் எழுத வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கி, ஒவ்வொன்றையும் முழுசாகச் சொன்னார். "அப்புறம் ஒரு மெயில் வ... வரும். நீங்கதான் கேட்டீங்களான்னு. அதுக்குப் பதில் போட்டாத்தான் பேரை எடுக்கும்."

"பதில் போடாட்டி?"

"போடாட்டி ஒண்ணும் ஆகாது. கு... குழுவுலயே இருப்பீங்க."

ஐஸ் மணி தூரமாகப் போய்விட்டது. லூர்துசாமி மூச்சு விடுவது கேட்டது. "சரி சார்" என்றார். ஒரு தடையும் இல்லாமல் வந்தது அந்த இரண்டு வார்த்தை. பிறகு வைத்துவிட்டார்.

"என்ன சொன்னாரு?" என்றாள் தையல்.

"வெளியே போக வழி கேட்டாரு."

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"போயிடுவாரா?"

தெரியவில்லை. அந்தக் கடைசி மெயிலுக்கு லூர்துசாமி பதில் போடுவாரா மாட்டாரா என்று இவருக்குத் தெரிய வழியே இல்லை. போய்விட்டால் குழுவுக்கு அறிவிப்பு ஒன்றும் வராது, ஒருவர் எழுதாமல் இருப்பதும் இல்லாமல் இருப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். வாயோரத்தை இழுத்துக் காட்டுகிற கதையை அவர் எழுதி இனி யாரும் படிக்க முடியாமல் போகலாம். சாயங்காலத் தொகுப்பில் அந்த மெயில் இருக்காது, நான்தான் எடுக்கச் சொன்னேன், எதுவுமே நடக்காத மாதிரி சுத்தமாக இருக்கும் அந்தத் தொகுப்பு. அந்தச் சுத்தம் நினைக்க நினைக்க அவருக்குத் தாங்கவில்லை. வீட்டுக்குப் போய், கண் தெரிந்து, நிதானமாக, நல்ல நடையில் ஒரு மன்னிப்பு எழுதலாம். நன்றாகவே எழுதுவார். எல்லாரும் பாராட்டுவார்கள். சே.

"தையல். நான் சொல்றேன். நீ எ... எழுது."

"இங்கயா? எல்லாரும் இருக்காங்களே."

"இருக்கட்டும்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள், கண்ணாடியைத் திரும்ப மாட்டுகிற சத்தம் கேட்டது. "யாருக்கு? மேடத்துக்கா, அவருக்கா?"

"எல்லாருக்கும்."

கூடம் அமைதியாக இருந்ததா, அவருக்கு மட்டும் அப்படித் தோன்றியதா? யாரோ இருமினார்கள். நர்ஸின் செருப்பு அருகே வந்து, நின்று, பேசாமல் தள்ளிப்போயிற்று. அவர் கண்ணைத் திறந்தார். எதிரே எல்லா முகமும் வெளிச்சத்தில் கரைந்து ஒரே முகமாக நின்றது, அதைப் பார்த்தே வாயைத் திறந்தார். முதல் வார்த்தை லூர்துசாமியின் பேர். நாக்கு நுனி மேலண்ணத்தில் ஒட்டியது. ஒட்டிக்கொண்டே இருந்தது. காது சூடாகி, கழுத்து முறுக்கி, நெற்றியில் வேர்வை கோத்தது. பக்கத்தில் தையல் கட்டைவிரலைப் போன்மேல் வைத்துக்கொண்டு இருந்தாள். அடுத்து வரப்போகிற பேர் என்ன என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அவள் அழுத்தவில்லை, அவர் சொல்லட்டும் என்று இருந்தாள்.